கருந்துளை தொடர்பான அமைதிப் பேச்சுவார்த்தை

விண்மீன் மண்டலங்களின் நடுவே என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்த ஊர்கள் உலகத்தில் பல உண்டு. கண்டுபிடித்தவர்களில் யார் முதலில் நிற்பது என்பதுதான் அதைவிடப் பெரிய கேள்வி என்று கண்டுபிடித்த ஊர் மதுரை ஒன்றுதான். அந்தக் கேள்விக்கு விடை காண ஒரு வட்டாட்சியரையும் ஒரு காவல் ஆய்வாளரையும் அறிவியல் பணியில் ஈடுபடுத்திய பெருமை எங்கள் கல்லூரிக்கு உரியது. கல்லூரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். விளம்பரம் எங்களுக்குப் பிடிக்காது. ஃபிளக்ஸ் போர்டு மட்டும்தான் வைப்போம்.

என் பெயர் மலைச்சாமி. பொருளியல் துறை. பாடம் நடத்துவது என் உத்தியோகம், விழா நடத்துவது என் பிறவிப்பயன். கல்லூரி விழாக் குழுவுக்கு நான் நிரந்தரச் செயலாளர். மேடையில் யார் எந்த நாற்காலியில் உட்காருவது, யாருக்குப் பொன்னாடை, யாருக்குக் கதர்த்துண்டு, யாருக்கு வெறும் கைகுலுக்கல் என்பதை எல்லாம் நான்தான் தீர்மானிப்பேன். ஒரு முறை குத்துவிளக்கில் இருந்த ஐந்து திரியை ஆறு பெரியவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்து, ஆறாமவருக்குத் தீப்பெட்டியைப் பிடித்துக்கொள்ளும் கௌரவத்தை வழங்கி, ஒரு கலவரத்தைத் தடுத்திருக்கிறேன். அவர் இன்றைக்கும் என்னிடம் நன்றியோடு பேசுகிறார்.

கீழக்குயில்குடிக்குப் போகிற வழியில், சமணமலை தெரிகிற தூரத்தில் எங்கள் கல்லூரி இருக்கிறது. இயற்பியல் துறையில் ஒரு தொலைநோக்கியும் உண்டு. அதைத் துறைத்தலைவர் பாண்டியராஜன் தம் அறையில் துணி போட்டு மூடி வைத்து, ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டு வைக்கிறார். வேறு எதற்கும் அதைத் தொந்தரவு செய்வதில்லை.

அந்தத் துறையில் நாகஜோதி என்ற பெண் ஆய்வு மாணவியாக இருந்தாள். மேலூர்ப் பக்கம். அவளுக்கு வழிகாட்டி பாண்டியராஜன்தான். அந்தப் பொட்டு வைத்த தொலைநோக்கிப் பக்கம் நாகஜோதி போகவில்லை. எங்கோ தென்னமெரிக்க மலை உச்சியில் இருக்கிற பெரிய தொலைநோக்கி எடுத்துப் பொதுவில் போட்டு வைத்த தரவுகளை இறக்கிக்கொண்டு, கம்ப்யூட்டர் அறையில் நாலு வருஷம் உட்கார்ந்திருந்தாள். அப்படியெல்லாம் உட்காரக் கூடாது என்று சொல்ல அவளுக்கு ஆள் இல்லை.

ஒரு நாள் கேன்டீனில் கை கழுவும்போது அவளைப் பார்த்து, "என்னதாம்மா பண்ணிக்கிட்டிருக்க?" என்று கேட்டேன். மரியாதைக்குக் கேட்டதுதான். அவள் அதை உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டாள்.

"சார், இந்தத் தண்ணி நேரா ஓட்டைக்குள்ள போகுதா? சுத்திச் சுத்தித்தான எறங்குது? கேலக்ஸி நடுவுல இருக்கிற வாயுவும் அப்படித்தான். சுத்துற வேகம் இருக்கிற வரைக்கும் கருந்துளைக்குள்ள விழாது. சும்மா சுத்திக்கிட்டே இருக்கும்."

"அப்பறம் எப்படித்தான் விழுகும்?"

"வேகம் கொறையணும் சார். நான் பார்த்த கேலக்ஸியில நட்சத்திரமெல்லாம் ஒரு பக்கமாச் சுத்துது. நடுவுல இருக்கிற வாயுல பாதி எதிர்ப்பக்கமாச் சுத்துது. அது வெளிய இருந்து வந்த வாயு. எப்பவோ ஒரு சின்னக் கேலக்ஸியை இது முழுங்கியிருக்கு. ஏற்கெனவே இருந்த வாயுவும் வந்த வாயுவும் மோதிக்கிட்டு, ரெண்டுக்கும் வேகம் போயி, நடுவுல விழுகுது."

"விழுந்ததைக் கருந்துளை தின்னுரும். அம்புட்டுதான?"

"கொஞ்சம்தான் சார் திங்கும். விழுகிறது சூடாகி, பெரிய காத்தா வெளிய பீச்சியடிக்கும். சுத்தி இருக்கிற நல்ல வாயுவையும் சேத்து வெளிய தள்ளிவிட்டுரும். அந்த வாயு அங்கயே இருந்திருந்தா புது நட்சத்திரம் பொறந்திருக்கும். இப்பப் பொறக்காது. நடுவுல இது ஒண்ணுதான் இருக்கும்."

நான் நிர்வாக அனுபவம் உள்ளவன். இப்படி ஒரு பொருளை நம் வட்டாரத்தில் எங்குமே கண்டதில்லை என்று வியப்புத் தெரிவித்தேன். அவள் குழாயை மூடினாள்.

அவள் எழுதிய கட்டுரையை வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்று ஏற்றுக்கொண்டது. சில திருத்தங்களைச் செய்து, வருகிற மாதம் முதல் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். அதற்குள் அனுப்பியே ஆக வேண்டும் என்று அவள் துடித்ததற்குக் காரணம் இருந்தது. ஐரோப்பாவில் ஒரு குழுவும் அதே விண்மீன் மண்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. யார் கட்டுரை முதலில் வருகிறதோ அவர்களுடைய கண்டுபிடிப்பு. இரண்டாவதாக வந்தால் அவளுடைய நாலு வருஷமும் பழைய செய்தி. கட்டுரை வந்தால்தான் தீசிஸ், தீசிஸ் வந்தால்தான் பட்டம், பட்டம் வந்தால்தான் பெங்களூரில் ஒரு ஆய்வு நிறுவனம் தருவதாகச் சொல்லியிருந்த வேலை.

கட்டுரையைப் பாண்டியராஜன் வாங்கிப் பார்த்தார். அறிவியல் முறைப்படி மேலிருந்து கீழாகப் பார்த்தார். மேலேயே நின்றுவிட்டார்.

"ஏம்மா, பேரு மாறி வந்திருக்கு."

"எது சார்?"

"ஒம் பேரு முன்னாடி இருக்கு, எம் பேரு பின்னாடி இருக்கு."

"வேலை பார்த்தவங்க பேரு முதல்ல வரும் சார். கைடு பேரு கடைசில வரும். எல்லா ஊர்லயும் அப்படித்தான். கடைசிப் பேருக்கும் மதிப்புத்தான் சார்."

"கடைசிலயா?" பாண்டியராஜன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "எங்க ஊருத் திருவிழாவுல எங்க வகையறாவுக்குத்தேன் முதல் மாலை. கடைசில நிக்கிறவனுக்குத் தேங்காச் சில்லு கூட மிஞ்சாதும்மா."

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் பக்கம் திருவிழாவில் சாமிக்குப் பூசை முடிந்ததும், பூசாரி மாலையையும் பரிவட்டத்தையும் எடுத்து வந்து முதலில் ஒருவருக்கு அணிவிப்பார். இதற்கு முதல் மரியாதை என்று பெயர். அந்த ஒருவர் யார் என்பதில் தகராறு வந்தால் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றுவிடும், தேர் நின்றுவிடும், வழக்கு மட்டும் நிற்காமல் ஓடும். கடைசியில் தாலுகா ஆபீஸில் இரு தரப்பையும் உட்கார வைத்து 'அமைதிப் பேச்சுவார்த்தை' நடத்துவார்கள். உலகத்துக்கு இந்த நடைமுறை எவ்வளவு தேவை என்பது உலகத்துக்குத் தெரியாது.

பாண்டியராஜன் என்னிடம் வந்து ஆலோசனை கேட்டார். மரியாதை விஷயத்தில் நான்தான் நிபுணர். கட்டுரையின் பெயர் வரிசையும் மேடையின் நாற்காலி வரிசையும் ஒன்றுதான் என்று எனக்குப் பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிட்டது. இரண்டு பேரை மட்டும் மேடையில் உட்கார வைத்தால் அது விழாவா? நிர்வாகத்தைக் கலக்க வேண்டும் என்றேன்.

நிர்வாகம் என்றால் கல்லூரிச் செயலர் கருத்தக்கண்ணன். கட்டடம், நிலம், கேன்டீன், எங்கள் பதவி உயர்வு எல்லாம் அவரைச் சுற்றித்தான் வருகின்றன. நாகஜோதி அவர் எதிரே நின்றுகொண்டு, கேன்டீனில் எனக்குச் சொன்னதையே குழாய் இல்லாமல் சொன்னாள். கருத்தக்கண்ணன் பொறுமையாகக் கேட்டார்.

"வாயு எந்தப் பக்கம் சுத்துதுன்ன?"

"நாம பார்க்கிறப்போ இடப்பக்கமாச் சுத்துது சார்."

"இடமாவா? ஏத்தா, எந்தக் கோயில்ல இடமாச் சுத்துவாக? முதல்முதல்ல நம்ம காலேஜ் பேரு வெளிய போகுது. வலமா மாத்திரு."

"கேலக்ஸிக்கு அந்தப் பக்கம் போய் நின்னு பார்த்தா வலம்தான் சார்."

"அப்ப அந்தப் பக்கமே நின்னு எழுது. நம்மகிட்டயா எடமில்ல?"

பிறகு அவர் பெயர் வரிசையைப் பார்த்தார். அவர் பெயர் இல்லை. "கட்டடம் யாரு கட்டுனது?" என்று யாரிடமும் கேட்காத மாதிரி கேட்டார். நீங்கள்தான் என்று நானும் பாண்டியராஜனும் முதல்வரும் சேர்ந்து சொன்னோம். நாகஜோதி சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கு வளைந்து கொடுக்கத் தெரியாது என்பதை அன்றைக்கே குறித்துக்கொண்டேன்.

வரிசைப் பட்டியல் தயாரிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. செயலர், துறைத்தலைவர், முதல்வர், துணை முதல்வர் என்று தொடங்கினேன். அறிவியல் வளர வளரப் பெயர்களும் வளர்ந்தன. உடற்கல்வி இயக்குநர், அந்த வாயு சுற்றுவதும் ஒருவகை ஓட்டம்தான் என்று வந்து நின்றார். மறுக்க முடியவில்லை. எந்தப் பிரதிபலனும் எதிர்பாராமல் பட்டியலைத் தயாரித்தவன் என்ற முறையில் என் பெயரையும் நடுவில் அடக்கமாகப் போட்டுக்கொண்டேன். நாகஜோதி பெயர் இரண்டாம் பக்கத்துக்குப் போனது. போனதே தவிர, நான் எடுக்கவில்லை. எடுத்தேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சிக்கலை உண்டாக்கியவர் யூனுஸ் ஒருவர்தான். கம்ப்யூட்டர் துறைத்தலைவர். பெயர் சேர்க்கப் போனால் வேண்டாம் என்கிறார்.

"அண்ணே, நான் ரூம் சாவியத்தான் குடுத்தேன். சாவி குடுத்ததுக்கெல்லாம் பேரு போட்டா, வாட்ச்மேன் முத்திருளன் பேரையும்ல போடணும்?"

நல்ல யோசனையாகப் பட்டது. முத்திருளன் பெயரையும் சேர்த்தேன். யூனுஸ் என்னையே பார்த்தார்.

"அந்தப் புள்ள பாவம்ணே. வேலை பூராம் அது பார்த்துச்சு. ஏசி ஓடாதப்பக்கூட ஈரத்துண்டைக் கழுத்துல போட்டுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. அது பேரை முதல்ல போட்டு அனுப்பிவிடுங்கண்ணே. ஒங்களுக்கு மனசு இல்லையா?"

"மனசு இருக்கு யூனுஸ். வரிசையில எடம் இல்ல" என்றேன். அவர் துறையில் இருந்த மற்ற ஆசிரியர்கள் இதைக் கேள்விப்பட்டு, யூனுஸ் விட்டுக்கொடுத்தால் தங்கள் துறையின் பாரம்பரிய உரிமை பறிபோகும் என்று அன்று மாலையே கண்டனக் கூட்டம் போட்டதால், அவர் பெயரையும் சேர்த்தேன். அவர்கள் துறைக்கு வயது எட்டு.

பட்டியலை ஆய்விதழுக்கு அனுப்பினோம். அங்கேயும் ஒரு மூடப்பழக்கம் வைத்திருக்கிறார்கள். பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் மின்னஞ்சல் அனுப்பி, இந்தக் கட்டுரைக்கும் இந்த வரிசைக்கும் 'சம்மதம்' என்று பட்டனை அமுக்கச் சொல்கிறார்கள். எல்லோரும் அமுக்கினால்தான் கட்டுரை நகரும். தனக்கு மேலே ஒருவன் பெயர் இருக்கும்போது எந்த மானமுள்ள மனிதன் சம்மதம் என்று அமுக்குவான்? நாகஜோதி அமுக்கினாள். யூனுஸ் அமுக்கினார். முத்திருளன் தன் மகளிடம் போனைக் கொடுத்து அமுக்கச் சொன்னார். மீதிப் பேர் எல்லாம் மின்னஞ்சல் வரவே இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

நாகஜோதி தினமும் காலையில் என் மேஜைக்கு வந்து நின்றாள். "சார், பேரு வரிசையை எப்படி வேணும்னாலும் போட்டுக்கங்க. எம் பேரு கடைசில கூட இருக்கட்டும். எல்லாரையும் சம்மதம் குடுக்க மட்டும் சொல்லுங்க சார். வெள்ளிக்கிழமை தாண்டிருச்சுன்னா எல்லாம் போயிரும்." அவளுடைய கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. எனக்கு உள்ளபடியே மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

இதற்கிடையில் ஃபிளக்ஸ் வந்துவிட்டது. செயலரின் ஆட்கள் வாசலுக்கு வலப்புறம் வைத்த ஃபிளக்ஸில், நாகஜோதி ஆராய்ந்த அதே விண்மீன் மண்டலம் வானம் முழுக்கச் சுழன்றது. நட்டநடுவில், கருந்துளை இருக்க வேண்டிய இடத்தில், கருத்தக்கண்ணன் கைகூப்பிக்கொண்டு சிரித்தார். கீழே 'எங்கள் ஈர்ப்பு விசையே' என்று போட்டிருந்தது. அறிவியல் ரீதியாக இவ்வளவு துல்லியமான ஃபிளக்ஸை நான் பார்த்ததில்லை. இடப்புறம் பாண்டியராஜனின் பங்காளிகள் ஊரிலிருந்து வேன் பிடித்து வந்து இன்னொன்று வைத்தார்கள். அதில் 'அண்டம் அளந்த அண்ணலே' என்று இருந்தது. இரண்டிலும் நாகஜோதி இல்லை. அவள் ஒரு ஃபிளக்ஸின் கம்பத்தைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே வந்துபோனாள்.

ஒரு நாள் பார்த்தால் செயலரின் மூக்கு இருந்த இடத்தில் ஃபிளக்ஸ் கிழிந்து தொங்கியது. காற்றில் கிழிந்தது என்று ஒரு தரப்பு. எந்தப் பக்கத்துக் காற்று என்று மறு தரப்பு. வாசலில் இரண்டு தரப்பு ஆட்களும் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். போலீஸ் வந்தது. வியாழக்கிழமை காலை தாலுகா ஆபீஸில் அமைதிப் பேச்சுவார்த்தைக்கு எல்லோரும் வர வேண்டும் என்று உத்தரவானது. மறுநாள் வெள்ளிக்கிழமை. ஒரு நாள் மிச்சம் இருக்கிறதே என்று நாகஜோதி சந்தோஷப்பட்டாள். அரசாங்கத்தில் யாராவது ஒருவர் கேட்டுச் சொன்னால் எல்லோரும் பட்டனை அமுக்கிவிடுவார்கள் என்று நம்பினாள். படித்த பெண்.

வட்டாட்சியர் பாண்டிமீனா அனுபவசாலி. தேர், பால்குடம், முளைப்பாரி, மஞ்சுவிரட்டு என்று எல்லாத் தகராறையும் பார்த்தவர். ஒரு பக்கம் செயலர் தரப்பு, ஒரு பக்கம் பாண்டியராஜன் தரப்பு, நடுவில் காவல் ஆய்வாளர். நாகஜோதியும் யூனுஸும் கதவோரம் நின்றார்கள். எனக்கு இரு தரப்பிலும் நாற்காலி போட்டிருந்தது.

"சாமி எது?" என்று வட்டாட்சியர் தொடங்கினார்.

"சாமி இல்லைங்கம்மா. கருந்துளை" என்றேன்.

"எந்தக் கிராமத்துல வருது? புறம்போக்கா, பட்டாவா?"

நாகஜோதி கதவோரத்திலிருந்து, "ஏழு கோடி ஒளியாண்டு தூரத்துல இருக்கு மேடம்" என்றாள்.

வட்டாட்சியர் கிராம நிர்வாக அலுவலரைத் திரும்பிப் பார்த்தார். அவர் கொஞ்சம் யோசித்து, "நம்ம எல்லையில வராதும்மா. ஆனா ஃபிளக்ஸ் நம்ம எல்லையில இருக்கு" என்றார்.

"சரி. பழைய வழக்கம் என்ன? இதுக்கு முன்னாடி இந்தக் காலேஜ்ல எதையாச்சும் கண்டுபிடிச்சப்ப யாருக்கு முதல் மரியாதை குடுத்தீங்க?"

முதல்வர் எழுந்து, பெருமையோடு சொன்னார்: "இதுக்கு முன்னாடி இந்த மாதிரி எந்தப் பிரச்சினையும் வந்ததே இல்லைங்கம்மா."

கருத்தக்கண்ணன் தரப்பில் வரலாற்று ஆதாரம் வைத்தார்கள். சமணமலையில் சிலைக்குக் கீழே கல்வெட்டு இருக்கிறது. அதில் இன்னார் 'செய்வித்த' திருமேனி என்றுதான் இருக்கிறது. உளி பிடித்தவன் பெயர் இருக்கிறதா? ஆயிரம் வருஷ வழக்கம் இது. ஆகவே செய்வித்தவர் செயலர். பாண்டியராஜன் விடவில்லை. செய்வித்தது நான்தான், நாலு வருஷமாக 'செய், செய்' என்று சொன்னது யார் என்று கேட்டார். வரலாறு இரு பக்கமும் பொருந்துவதைக் கண்டு வட்டாட்சியரே வியந்தார்.

"அந்தப் பொண்ணு யாரு?" என்று ஆய்வாளர் கேட்டார்.

"அதுதாங்க வேலை பார்த்த புள்ள" என்றார் யூனுஸ். "அதைக் கொஞ்சம் பேசவிடுங்க."

நாகஜோதி முன்னால் வந்தாள். "மேடம், எனக்கு எந்த மரியாதையும் வேணாம். நாளைக்குள்ள கட்டுரையை அனுப்பணும். வெளிநாட்டுல இன்னொரு டீம் இதையே பார்த்துக்கிட்டிருக்கு. அவங்க முந்திட்டா நான் பண்ணதுக்கு அர்த்தமே இல்லாமப் போயிரும்."

வட்டாட்சியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மூணாவது தரப்பு ஒண்ணு இருக்கா? ஏன் முன்னாடியே சொல்லல? அவங்களையும் கூப்பிடாம எப்படிப் பேசுறது? விலாசம் இருக்கா?"

"ஜெர்மனி மேடம்."

"அப்ப தபால் போய்ச் சேர நாளாகும்."

தீர்ப்பு சொல்லப்பட்டது. மேற்படி கருந்துளை தொடர்பாக எவருக்கும் முதல் மரியாதை கிடையாது. இரு தரப்பும் ஒரு வரிசைக்கு உடன்படும்வரை கட்டுரையை யாரும் அனுப்பக் கூடாது. ஃபிளக்ஸ்களை அகற்ற வேண்டும். அதுவரை தற்போதைய நிலையே தொடர வேண்டும். வாயுவைப் பற்றிக் கிராம நிர்வாக அலுவலர் சந்தேகம் கேட்டபோது, அதுவும் இப்போது எந்தத் திசையில் சுற்றுகிறதோ அதே திசையில் மறு உத்தரவு வரும்வரை சுற்றலாம் என்று வட்டாட்சியர் அனுமதித்தார்.

பின்னால் யாரும் கிளம்பி வந்து உரிமை கோரக் கூடாது என்பதற்காக, ஒரு வாக்கியத்தைத் தாமே சொல்லி எழுத வைத்தார்: 'கீழே கையொப்பமிட்டுள்ள நாங்கள் எவரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்று மனப்பூர்வமாக ஒப்புக்கொள்கிறோம்.'

தாள் மேஜைக்கு வந்தது. யாருடைய கை முதலில் நீளும் என்று பார்த்தேன். வாழ்நாள் முழுக்க வரிசைகளைப் பார்த்தவன் நான். அப்படி ஒரு காட்சியைப் பார்த்ததில்லை. கருத்தக்கண்ணன் பேனாவைப் பாண்டியராஜனிடம் தள்ளினார். பாண்டியராஜன் முதல்வரிடம் தள்ளினார். முதல்வர் என்னிடம் தள்ளினார். நான் கும்பிட்டேன்.

"நாகஜோதி முதல்ல போடட்டும்" என்றார் பாண்டியராஜன், குரல் தழுதழுக்க. "ஒழைச்ச புள்ள. அதுக்கில்லாத உரிமையா?"

"நியாயம்தேன்" என்றார் கருத்தக்கண்ணன். பல வாரங்களில் அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அப்போதுதான். எல்லோரும் எழுந்து ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டோம். உடற்கல்வி இயக்குநர் கை தட்டினார்.

நாகஜோதி அந்த வாக்கியத்தைப் படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள்.

"நான் கண்டுபிடிச்சேன் சார்" என்றாள்.

பாண்டியராஜன் அவள் பக்கம் குனிந்து, மெதுவாக, அப்பா மாதிரி சொன்னார். "போட்ரும்மா. நாளைக்கு ஒன் தீசிஸ்ல நான் போடணும்ல?"

அவள் போட்டாள். அதற்குக் கீழே நாங்கள் எல்லோரும் போட்டோம். யூனுஸ் மட்டும், "நான் உண்மையிலேயே எதையும் கண்டுபிடிக்கலைண்ணே, எனக்கு ஒரு சங்கடமும் இல்ல, ஆனா இதுல போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். கூட்டத்தில் ஒத்துழைக்காதவர் என்று அவருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பினோம்.

படியிறங்கும்போது நாகஜோதியிடம், "எப்படியோ ஒம் பேருதாம்மா முதல்ல வந்துச்சு" என்று ஆறுதல் சொன்னேன்.

"எனக்கு அழுகை வரல சார்" என்றாள். "அசிங்கமா இருக்கு." அவள் தன்னைச் சொன்னாளா, எங்களைச் சொன்னாளா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. வெயில் அதிகமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது, போனது. அடுத்த மாதம் ஜெர்மனிக் குழுவின் கட்டுரை வெளிவந்தது. யூனுஸின் அறையில் உட்கார்ந்து நாகஜோதி அதைக் கடைசிவரை படித்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தோம். "சரியாத்தான் பண்ணியிருக்காங்க சார்" என்றாள். "எதிர்ப்பக்கம்தான் சுத்துது. நான் பார்த்தது தப்பில்ல." அப்புறம் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அழுதாள். அந்தக் கட்டுரையில் முதல் பெயர் ஒரு மாணவியுடையது. அவளுடைய பேராசிரியர் கடைசியில் நிற்கிறார். பெரியவர்களை மதிக்கத் தெரியாத ஊர்.

எங்கள் கல்லூரி சார்பில் 'எமது கண்டுபிடிப்பை உறுதிசெய்த ஜெர்மனி நாட்டவர்க்கு வாழ்த்துகள்' என்று ஒரு ஃபிளக்ஸ் வைத்தோம். இந்த முறை செயலர், துறைத்தலைவர் படங்கள் ஒரே அளவில். பாண்டியராஜன் நாகஜோதியைக் கூப்பிட்டு, பழைய தலைப்பில் இனிமேல் புதுசாக எதுவும் இல்லை என்றும், பிரச்சினை வராத வேறு தலைப்பாக எடுத்து முதலிலிருந்து தொடங்கலாம் என்றும் அன்போடு சொன்னார். பெங்களூர்க்காரர்கள் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். நாகஜோதி பையை எடுத்துக்கொண்டு போனாள். இப்போது டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறாள். வகுப்புக்கு ஒரு பேசினைக் கொண்டுபோய்த் தண்ணீரைச் சுற்றிவிட்டுக் காட்டுகிறாள் என்று யூனுஸ் சொன்னார்.

போன வாரம் எங்கள் கல்லூரியின் தரத்தை மதிப்பிட ஒரு குழு வந்தது. வரவேற்பு என் பொறுப்பு. மாலை வரிசையில் ஒரு பிசகும் இல்லை. தலைவராக வந்தவர் எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே, ஆராய்ச்சிக்கு ஏதாவது ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார். எங்கள் கையில் இருந்தது அந்தத் தாள் ஒன்றுதான். கண்ணாடிச் சட்டம் போட்டு முதல்வர் அறையில் மாட்டியிருக்கிறோம். வட்டாட்சியர் முத்திரையோடு இருக்கிற அறிவியல் ஆவணம் வேறு எந்தக் கல்லூரியில் இருக்கிறது?

அவர் கிட்டே போய் வாய்விட்டுப் படித்தார். "'கீழே கையொப்பமிட்டுள்ள நாங்கள் எவரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை.'" திரும்பி எங்களைப் பார்த்தார். "இது உண்மையா?"

செயலர், துறைத்தலைவர், முதல்வர், துணை முதல்வர், உடற்கல்வி இயக்குநர், நான், எல்லோரும் தகுதி வரிசைப்படி நின்றுகொண்டிருந்தோம். நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், நாங்கள் அத்தனை பேரும் போட்டது உண்மையான கையெழுத்து. அந்தத் தாளில் பொய்க் கையெழுத்து ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதை நாங்கள்தான் முதலில் போட வைத்தோம்.